பம்பாய் மில் பெண்களுக்காக வந்த லூசி அம்மையார்

கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாளில் ஓசூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஏதாவது ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். பெஞ்சுகளில் இடம் இருக்காது. தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்துத் தூங்காத கண்ணோடு வந்தவர் ஒருவர். தோட்டத்தில் ரோஜா பறித்துவிட்டு வந்தவர் ஒருவர். இவர் தமிழ் பேசுவார், அடுத்தவர் தெலுங்கு, அதற்கும் அடுத்தவர் கன்னடம். எல்லைப்புறம் அல்லவா!

பாஷை எதுவானாலும் நர்ஸ் அம்மாள் எல்லார் கையிலும் கொடுப்பது ஒரே மாத்திரைதான். அதில் இரும்புச் சத்து 60 மில்லிகிராம் இருக்கிறது. கூடவே ஃபோலிக் அமிலம் என்ற ஒன்றும் இருக்கிறது. அதன் அளவு அரை மில்லிகிராம்தான். கல் உப்பில் ஒரு கல்லை எடுத்தால் அதுவே இதைவிடக் கனமாக இருக்கும்.

இந்த அரை மில்லிகிராம் சத்தைத் தேடிக் கடல் கடந்து வந்தவர் ஒரு ஆங்கிலேய மாது. அவர் தேடிய இடங்கள் பம்பாய், குன்னூர், சென்னை. அவர் பெயர் லூசி வில்ஸ்.

பட்டம் இல்லாத படிப்பு

1888-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி, இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகே லூசி பிறந்தார். பர்மிங்காம் நம் ஓசூரைப் போல இரும்பும் இயந்திரமும் நிறைந்த தொழில் நகரம். லூசியின் குடும்பத்துக்கும் வெட்டுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை இருந்தது. சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை.

கேம்பிரிட்ஜில் செடிகொடிகளைப் பற்றியும் பூமியின் பாறைகளைப் பற்றியும் படித்தார். 1911-ல் பரீட்சை எழுதினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை! தோற்றுவிட்டாரா? இல்லை. அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜில் பெண்கள் படிக்கலாம், பரீட்சை எழுதலாம். பட்டம் மட்டும் தரமாட்டார்கள். 1948 வரையில் அங்கே அதுதான் சட்டம்.

அதே 1911-ல் தந்தை இறந்தார். இரண்டு ஆண்டில் சகோதரியும் இறந்தார். மனம் நொந்த லூசி தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். அங்கிருந்தபோது முதல் உலக யுத்தம் மூண்டது. கேப் டவுனில் தொண்டர் நர்ஸாகச் சேர்ந்தார். அதன் பிறகுதான் வைத்தியம் படிக்கும் எண்ணம் உறுதியாயிற்று.

1915-ல் லண்டன் பெண்கள் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். 1920-ல் டாக்டர் ஆனார். அப்போது வயது 32. ஆனால் நாடி பிடித்து மருந்து எழுதிக் கொடுக்கும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பரிசோதனைச் சாலையில் உட்கார்ந்து, நோய் ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை ஏற்றார்.

பம்பாயில் ஒரு புதிர்

அந்த நாளில் நம் நாட்டில் பிரசவ காலத்தில் பெண்கள் ஏராளமாக இறந்தார்கள். ஏன் என்று விசாரிக்க ஒரு குழு வேலை செய்தது. அதில் முக்கியமானவர் மார்கரெட் பால்ஃபர் என்ற பெண் டாக்டர். அவர் அழைப்பின்பேரில் லூசி 1928-ல் பம்பாய்க்கு வந்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். சுற்றிலும் பஞ்சாலைகள். ஆலைச் சங்கு ஊதினால் தெருவெல்லாம் கூலிக்காரர்கள்.

அந்த ஆலைகளில் வேலை செய்த பெண்கள் பலருக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தச் சோகை வந்தது. முகம் வெளுக்கும். கால் வீங்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். பிரசவத்துக்கு முன்போ பின்போ இறந்தவர்கள் பலர்.

இரத்தச் சோகை என்றால் இரும்புச் சத்துக் குறைவு என்றுதான் நாம் நினைப்போம். இரும்புக் குறைவில் இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் சிறுத்து வெளுத்துப்போகும். ஆனால் லூசி பூதக்கண்ணாடியில் பார்த்த இரத்தம் அப்படி இல்லை. அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருத்துக் கிடந்தன! எண்ணிக்கையோ மிகக் குறைவு.

காரணம் இன்று தெரியும். எலும்புக்குள்ளே ஓர் அணு வளர்ந்து, இரண்டாகப் பிரிந்து, நாலாகிப் பெருக வேண்டும். பிரிவதற்கு ஒரு சத்து தேவை. அது இல்லாவிட்டால் அணு வளர்ந்துகொண்டே போகும், பிரியாது. வயிற்றில் குழந்தை வளரும்போது இந்தச் சத்து மேலும் அதிகமாகச் செலவாகும். அதனால்தான் கர்ப்பிணிகள் முதலில் விழுந்தார்கள்.

இதே போன்ற பெரிய அணு நோய் ஒன்று மேல்நாட்டிலும் இருந்தது. 1926-ல் அதற்கு ஈரலை மருந்தாகக் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். பிறகு ஈரலைச் சுத்தம் செய்து சாரம் எடுத்தார்கள். அந்தச் சுத்தமான சாரம் மேல்நாட்டு நோயைத் தீர்த்தது. பம்பாய்ப் பெண்களின் நோயைத் தீர்க்கவில்லை! சுத்தம் செய்யாத ஈரல் சத்து மட்டும் வேலை செய்தது. சுத்தம் செய்யும்போது ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று லூசி கண்டுகொண்டார். அந்த ஏதோ ஒன்று எது?

தட்டில் கிடந்த காரணம்

கிருமியாக இருக்குமோ என்று தேடினார். கிருமி அகப்படவில்லை. பிறகு வீடுவீடாக என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். வசதியான வீட்டுப் பெண்களுக்கு இந்த நோய் அபூர்வம். ஏழை முஸ்லிம் பெண்களிடம் மிக அதிகம். மதமா காரணம்? இல்லவே இல்லை. அவர்கள் தட்டில்தான் எல்லாரையும்விடக் குறைவாக இருந்தது. கீரை இல்லை, பழம் இல்லை, பால் இல்லை.

1929 கோடையில் லூசி நம் நீலகிரிக்கு வந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வேலை செய்தார். அங்கே ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் உணவு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அவர் செய்த வேடிக்கையைக் கேளுங்கள். எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் தனித்தனியாகப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன. வெள்ளை அரிசியே கதி என்று இருந்த நம் சென்னை ராஜதானி எலிகள் நோஞ்சானாகப் போயின! இதைப் படிக்கும்போது எனக்கு நம் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் கொள்ளும் அவரையும் ஞாபகம் வந்தன. அவற்றை நாமே ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டோம்.

1931-ன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இப்போது அதற்குக் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று பெயர். 1885-ல் அந்த ஆஸ்பத்திரி தோன்றப் பாடுபட்ட மேரி ஷார்லீப் அம்மையாரும் லூசி படித்த அதே லண்டன் கல்லூரியில் படித்தவர்தான்.

குரங்கைப் பிழைக்க வைத்த பசை

பம்பாய்ப் பெண்களின் சாப்பாட்டையே லூசி எலிகளுக்குப் போட்டார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் என்ற புளிப்புக் காடியைச் சேர்த்துக் கொடுத்தால் சோகை வரவில்லை. ஆனால் எலிகளிடம் பேன் இருந்தது. அந்தப் பேனாலும் சோகை வரலாம் என்று தெரிந்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்த சோதனை சந்தேகத்துக்கு இடமாயிற்று. லூசி மனம் தளரவில்லை. குரங்குகளை வைத்துத் திரும்பவும் ஆரம்பித்தார்.

ஒரு குரங்கு சாகக் கிடந்தது. எதைக் கொடுத்தும் தேறவில்லை. கடைசி முயற்சியாக மார்மைட் என்ற பசையை ஊட்டினார். பீர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்வது அது. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்பார்கள். விலையும் மலிவு. குரங்கு எழுந்து உட்கார்ந்தது!

கர்ப்பிணிப் பெண்களுக்கும் அதைக் கொடுத்தார். சில நாட்களிலேயே இரத்தத்தில் புதிய அணுக்கள் தோன்றின. பசி எடுத்தது. முகம் தெளிந்தது. 1931-ல் இதை ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். பசையில் இருந்த பொருள் இன்னது என்று அப்போது யாருக்கும் தெரியாது. வில்ஸ் சத்து என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

1941-ல் அமெரிக்காவில் நாலு டன் பசலைக் கீரையை அரைத்து, ஒரு துளி அமிலம் எடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு உள்ள சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945-ல் அதைத் தொழிற்சாலையில் செய்யும் வழியைக் கண்டது லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிக் குழு. அதன் தலைவர் யார் தெரியுமா? பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ்! ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர் அவர். அந்த நோய்க்கும் இதே அமிலம் மருந்தாயிற்று.

பிறகு தெரிந்த செய்தி

லூசியின் காலத்துக்குப் பிறகு தெரிந்த ஒன்றையும் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். கரு உண்டான நாலு வாரத்துக்குள்ளேயே குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் ஊனமாகும். ஏற்கனவே அப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்மாருக்கு, கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார்கள். ஊனம் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் குறைந்தது. 1991-ல் வந்த முடிவு இது.

நாலு வாரத்தில் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே தெரியாது. விடுதியில் தங்கி ஷிப்டு வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு இதை யார் சொல்வார்கள்? அரசு ஆஸ்பத்திரியில் இரும்பு மாத்திரை நாலாம் மாதத்தில்தான் தொடங்கும். அதற்கு முன், குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம்.

தலசீமியா, அரிவாள் அணு நோய் போன்ற அபூர்வ இரத்த நோய் உள்ளவர்களுக்குச் சிவப்பு அணு சீக்கிரம் உடையும். புது அணு செய்ய இந்தச் சத்து அவர்களுக்குக் கூடுதலாக வேண்டியிருக்கும். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரும்பு மாத்திரையோ இவர்கள் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஆகையால் முதல் பரிசோதனையிலேயே நோயைச் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை தின்றால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று சில மாமியார்மார் தடுக்கிறார்கள். அது வீண் பயம். மலம் கறுப்பாகப் போவதும் இரும்பினால்தான். முருங்கைக் கீரையும் தட்டைப் பயறும் இந்தச் சத்து நிறைந்தவை. ஆனால் கீரையை வெகுநேரம் கொதிக்கவிட்டுத் தண்ணீரை வடித்துக் கொட்டினால், சத்தில் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகும்.

சைக்கிள் டாக்டர்

லூசி 1937-ல் மறுபடி பம்பாய்க்கு வந்தபோது கராச்சி வரை கடல் விமானத்தில் பறந்து வந்தார். மற்ற டாக்டர்கள் காரில் வந்தபோது, லண்டன் ஆஸ்பத்திரிக்கு அவர் சைக்கிளில்தான் போவார். 1944 ஜூலையில் ஜெர்மானியரின் பறக்கும் குண்டு அந்த ஆஸ்பத்திரி மேலேயே விழுந்து சிலர் மாண்டனர். சில நாளில் வேலை திரும்பவும் நடந்தது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1947-ல் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. ஜமைக்கா, ஃபிஜி என்று போய், அங்குள்ள ஏழைகளின் சாப்பாட்டையும் இரத்தத்தையும் பரிசோதித்தார். கடைசிப் பத்து ஆண்டுகள் லண்டன் செல்சீ பகுதியில் தொழிற்கட்சியின் நகரசபை அங்கத்தினராக இருந்தார். 1964-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி காலமானார். இன்னும் சில வாரம் இருந்திருந்தால் 76 வயது நிறைந்திருக்கும்.