மூதறிஞர் இராஜாஜி: கருவூலமும் கல்விக்கூடமும்

ஓசூரிலிருந்து சில கல் தொலைவில், தென்பெண்ணைக் கரையருகே தொரப்பள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே அரசு நினைவில்லமாகப் பேணிவரும் எளிய வீடொன்றைச் சென்ற விடுமுறையில் கண்டுவந்தேன். சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் பிறந்த ஊர் அது. நம் மண்ணின் மைந்தர் என்ற பெருமிதத்தோடு போனேன். ஒரு கேள்வியோடு திரும்பினேன். அக்கேள்வியையே ஆசிரியப் பெருமக்கள் முன்னும், உடன்பயிலும் தோழர்கள் முன்னும் வைக்கிறேன்.

அவருடைய தந்தையார் அவ்வூர் முன்சீப். ஓசூரில் பள்ளிக் கல்வி. பின்னர்ப் பெங்களூரு மத்தியக் கல்லூரி. அதன்பின் சென்னையில் சட்டப் படிப்பு. இன்று நம் அண்ணன்மார் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் படிப்புக்கும் வேலைக்கும் செல்வதுபோல், அன்று அவரும் கல்வி தேடி எல்லை கடந்தார். சேலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞராகி, 1917இல் அந்நகராட்சியின் தலைவரானார். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தை நடத்தியதும், 1948இல் இந்தியாவின் தலைமை ஆளுநரானதும் நாமறிந்தவை. நான் சொல்ல வந்தது, சென்னைச் சட்டமன்றத்தில் அவர் நிகழ்த்திய இரு செயல்களைப் பற்றி மட்டுமே. இரண்டிலும் பொதுப்பணம் ஒரு தட்டில் இருந்தது. இளந்தலைமுறை மறுதட்டில் இருந்தது.

முதற்செயல் 1937இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு சூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்ற அவர், அக்டோபர் 1ஆம் நாளே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே அச்சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்தது நம் ஊர்களில்தான்! கள், சாராய வருவாயை இழந்தால் அரசை எப்படி நடத்துவது என்ற கேள்வி எழுந்தது. குடும்பங்களைக் கெடுக்கும் பணம் கருவூலத்துக்கு வேண்டாம் என்பதே அவர் நிலை. ஆனால் வெறும் அறவுரையோடு அவர் நின்றுவிடவில்லை. இழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தை நிறைவேற்றினார். இந்தியாவில் அத்தகைய பொது வரி அதுவே முதலாவது. பின்னாளில் மாநிலங்கள் அனைத்துக்கும் அவ்வரியே பெருவருவாயாயிற்று. கொள்கைக்கு விலை உண்டு. அவ்விலையைச் செலுத்த வழிகாண்பதும் ஆள்வோர் கடமை என்பதை அவர் செய்துகாட்டினார். 1938இல் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியதும், அதனால் மூண்ட போராட்டமும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

இரண்டாம் செயல் 1953இல் நிகழ்ந்தது. 1952 ஏப்ரலில் அவர் மீண்டும் முதலமைச்சரானார். பள்ளிக்கு வாராத பிள்ளைகளோ ஏராளம். புதிய கட்டடங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பணமோ பற்றாக்குறை. ஆகவே சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் மாணவரை இரு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் பாடம் என்று வகுத்தார். ஒரே கட்டடமும் ஒரே ஆசிரியரும் இருமடங்கு பிள்ளைகளுக்குப் பயன்படுவர் என்பது கணக்கு. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்பது திட்டம்.

அந்த எஞ்சிய பொழுதுதான் பெரும்புயலை எழுப்பியது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று கண்டித்துப் போராடினர். ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வளர்ந்தது. 1953 சூலையில் திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானம் சட்டப் பேரவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது இருபுறமும் 138 வாக்குகள் விழுந்தன! பேரவைத் தலைவரின் வாக்கால்தான் அது தோற்றது. ஆயினும் திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விடக் கோரிய தீர்மானம் வென்றது. குழு திட்டத்துக்குச் சார்பாகவே அறிக்கை தந்தது. எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. உடல்நலத்தைக் காரணம் காட்டி இராஜாஜி விலகினார். 1954 ஏப்ரல் 13இல் காமராசர் முதல்வரானார். மறுமாதமே, நிதியையும் கல்வியையும் ஒருங்கே கவனித்த அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார்.

இங்கேதான் என் கேள்வி பிறக்கிறது. என் தாத்தா மண்பாண்டச் சக்கரம் சுற்றியவர். என் தந்தை ஓசூர் சிப்காட் ஆலையொன்றில் இயந்திரம் இயக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். குயவர் மகன் பிற்பகலில் குயவுத் தொழிலையே பழக வேண்டும் என்றால், சக்கரத்திலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து கல்லூரிக்கும் வழி திறந்திருக்குமா? வழக்கறிஞர் மகனுக்கு அப்பொழுது நூலோடு கழியும். என் தாத்தா போன்றோருக்கு அது களிமண்ணோடு கழியும். மூன்று மணி நேரம் எல்லாருக்கும் சமமே. எஞ்சிய பொழுது சமமன்று. கூர்த்த மதியுடைய அப்பெருமகனார் காணத் தவறியது இதுவே என்பது என் துணிபு.

1937இல் பணத்தட்டு தாழ்ந்தபோது, புதிய வரியால் அதை நிரப்பினார். 1953இல் அதே குறை வந்தபோது, பிள்ளையின் பள்ளிப் பொழுதைக் குறைத்தார். முன்னதில் கொள்கை பணத்தை ஆண்டது. பின்னதில் பணம் கொள்கையை ஆண்டது. காமராசர் ஆட்சி பள்ளிகளைப் பெருக்கி, 1956இல் மதிய உணவும் தந்தபோது, மனமிருந்தால் நிதிக்கு வழியுண்டு என்பது மெய்ப்பட்டது.

ஆயினும் அவர் எழுப்பிய வினா தவறானதன்று. எல்லாப் பிள்ளைகளையும் படிக்கவைக்கப் பணம் எங்கே என்பது இன்றும் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் எழும் வினாவே. வினா அவருடையது, விடையைத் திருத்தியது மக்கள் மன்றம். 1971இல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டபோது, 92 வயதிலும் அதை எதிர்த்தார். 1972 டிசம்பர் 25இல் மறைந்தார்.

தோழர்களே! தொரப்பள்ளிக்கு ஒருமுறை சென்றுவாருங்கள். நம் மண்ணின் பெரியவரை வணங்குவோம். வணங்கியபின் அவரோடு வாதிடவும் செய்வோம். வாதத்தில் வல்லவரான அவருக்கு அதுவே தக்க மரியாதை.