டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார் சுப்பாராவ். நம் அசோக் நகரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறைதான் மெட்ரிகுலேஷன் தேறினார். (பரீட்சை முடிவை எண்ணி நடுங்கும் தோழியர் கவனிக்க!) பின்னர் மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே அவர் கதர் உடுத்தியது அறுவைச் சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதில், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

மாமனாரின் பொருளுதவியுடன், இளம் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து, பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை 1925-இல் வெளியிட்டார்.

அதனால் என்ன பயன்? மூளை, கல்லீரல், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் சாதாரணக் கொழுப்போடு பாஸ்பரஸ் அடங்கிய கொழுப்பும் உண்டு. புரதத்தோடு ஒட்டியிருக்கும் அதை எள்ளைப் போல் செக்கிலிட்டு எடுக்க முடியாது. ஆகவே பொருளை அரைத்து, இரண்டு பங்கு குளோரோபாரமும் ஒரு பங்கு மெத்தனாலும் சேர்த்துக் குலுக்கி வடிகட்டுகிறார்கள். மெத்தனால் புரதத்தின் பிடியைத் தளர்த்தும். குளோரோபாரம் கொழுப்பைக் கரைத்துக்கொள்ளும். சிறிது உப்புநீர் சேர்த்தால் திரவம் இரண்டு அடுக்காகப் பிரியும். சர்க்கரை முதலியன மேலே போய்விட, கொழுப்பு அடியில் தங்கும். இது 1957-இல் ஃபோல்ச் குழுவினர் வகுத்த வழி.

எடுத்தாயிற்று, எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? அங்கேதான் நம் சுப்பாராவ் வருகிறார். குளோரோபாரத்தை ஆவியாக்கி, எஞ்சியதை அமிலத்தில் காய்ச்சி, அம்மோனியம் மாலிப்டேட்டும் அவர் கண்ட மற்றொரு கரைசலும் சேர்த்தால் அழகிய நீல நிறம் தோன்றும். நிறத்தின் ஆழம் பாஸ்பரஸின் அளவைச் சொல்லும். அதை ஏறக்குறைய 25-ஆல் பெருக்கினால் அக்கொழுப்பின் எடை! இவ்வளவு எளிய கணக்கைத் தந்தவரின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் அரிதாகவே வருவது நியாயமாகப் படவில்லை.

தசைக்குச் சக்தி தரும் பாஸ்போகிரியேட்டினை 1927-லும் ஏ.டி.பி.யை 1929-லும் ஃபிஸ்கேயும் அவரும் பிரித்தெடுத்தனர். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மானியர் லோமனும் தனியே கண்டார். ஹார்வார்டில் நிலையான பதவி கிட்டாததால் 1940-இல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குச் சென்றார். அங்கே அவர் நடத்திய குழுவினர் ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தார்கள். யானைக்கால் நோய்க்கு மருந்தும் கண்டார்கள்.

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே காலமானார். அவர் கப்பலேறிய பின் பிறந்த ஆண் மகவு கைக்குழந்தையாகவே இறந்துபோயிருந்தது. சேஷகிரி அம்மாள் கணவரை மீண்டும் காணவே இல்லை.