அந்த 4 விநாடிகள்... யார் இந்த சுபேதார் சுப்பிரமணியன்?

காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள கீழ் ஒட்டிவாக்கம் கிராமத்துக்காரர் சுப்பிரமணியன். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் உயிரை விட்டவர். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் நேரடியாக வழங்கப்பட்ட முதல் இந்தியர் இவர்தான்.

என்ன வேலை செய்தார்?

மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் சுபேதார். பாலம் கட்டுவது, பாதை போடுவது, எதிரி புதைத்த கண்ணிவெடிகளை எடுப்பது எல்லாம் இந்தப் பிரிவின் வேலை. மற்ற படைகள் முன்னேறணும்னா, முதலில் இவங்க போகணும்.

அன்று என்ன நடந்தது?

1944 பிப்ரவரி 24. மான்டே காசினோ போர்முனைக்கு அருகே உள்ள மிக்னானோ. கண்ணிவெடி தேடும் கருவியோடு முன்னால் போன வீரர், தெரியாமல் ஒரு வெடியை மிதித்துவிட்டார். ஜெர்மானியர்கள் புதைத்த அந்த ரக வெடி, மிதித்ததும் வெடிக்காது. சுமார் 4 விநாடி கழித்து மேலே எகிறி வெடித்து, இரும்புக் குண்டுகளை நாலாபுறமும் சிதறடிக்கும்.

இது சுப்பிரமணியனுக்கு நல்லாவே தெரியும். விலகி ஓடியிருக்கலாம். ஆனா, அவர் வெடியின் மேலேயே பாய்ந்து விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. அதே ஆண்டு பதக்கம் அறிவிக்கப்பட்டது.

ஏன் விக்டோரியா கிராஸ் இல்லை?

எதிரியின் முன்னால் காட்டும் வீரத்துக்குத்தான் விக்டோரியா கிராஸ். எதிரி நேரில் இல்லாதபோது காட்டும் வீரத்துக்கு, 1940-ல் தொடங்கப்பட்ட ஜார்ஜ் கிராஸ். அன்று அந்த வெடியைப் புதைத்தவர்கள் அங்கே இல்லை. சுப்பிரமணியனைச் சுற்றி நின்றது அவருடைய ஆட்கள் மட்டும்தான்.