கோஷ்ட பாலும் மத்தியஸ்தரின் விசிலும்

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி முதலிய சென்னையின் மேற்குப் புறநகர்களில் கால்பந்துப் பந்தயம் காணச் செல்வோர் ஒரு காட்சியை நன்கறிவர். மத்தியஸ்தர் விசில் ஊதுகிறார், தோற்கும் கட்சியார் அவரைச் சூழ்ந்துகொள்கின்றனர், பயிற்சியாளர் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிவருகிறார், கூட்டம் கூச்சலிடுகிறது. மத்தியஸ்தர் தீர்ப்பில் பிழை கண்டால் ஆட்டக்காரன் செய்யத்தக்கது யாது? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை பகர்ந்தவர் வங்க வீரர் கோஷ்ட பால். அவர் சரிதத்தை நம் வாலிபர்கள் அறிதல் அவசியம்.

1896ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்துப் பரீத்பூர் ஜில்லாவில் பிறந்த அவர், பாலப் பிராயத்திலேயே கல்கத்தாவுக்கு வந்து குமார்துளி சங்கத்தில் பந்தாடப் பழகினார். 1911இல் மோகன் பகான் சங்கத்தார், ஒருவர் நீங்கலாக யாவரும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்தை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். அவ்வெற்றியின் முழக்கம் அடங்குமுன்னரே பால் அச்சங்கத்தில் சேர்ந்தார். இருபதாண்டுகளுக்கு மேலாக அவர் வேறு சங்கம் நாடினாரல்லர்.

கோலுக்கு முன்னே பின்காவலராக நிற்பது அவர் வேலை. பூட்ஸணிந்த சிப்பாய்கள் பாய்ந்து வருவர். வெறுங்காலுடன் நின்று அவர்களைத் தடுப்பார். சீனப் பெருஞ்சுவர் என்று அவருக்குப் பட்டம் கிடைத்ததில் வியப்பென்ன? 1921 முதல் சில ஆண்டுகள் சங்கத்தின் தலைவராயிருந்தார். 1933இல் இலங்கை சென்ற இந்தியக் குழுவையும் அவரே நடத்திச் சென்றார்.

அக்காலத்து ஆட்டக்களத்தின் நிலைமையையும் கூறவேண்டும். கல்கத்தா லீக்கின் முதல் பிரிவில் இந்தியச் சங்கங்கள் இரண்டுக்கு மேல் இருத்தலாகாது என்று ஒரு காலத்தில் விதியிருந்தது. ஆட்சி ஐரோப்பியர் கையில். விசிலும் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே. பந்தயத்தில் ஒரு கட்சியாரின் இனத்தவரே நியாயஸ்தலத்திலும் வீற்றிருந்தால், நேரிய தீர்ப்பையும் ஜனங்கள் ஐயுறுவர். கோணிய தீர்ப்பைக் கேட்க நாதியில்லை. இந்நிலையிலும் பால் ஆண்டுக்கணக்காக மத்தியஸ்தரின் விசிலுக்குக் கட்டுப்பட்டே ஆடினார்.

1935இல் ஐரோப்பியரின் கல்கத்தா சங்கத்துடன் நடந்த ஆட்டத்தில் பொறுமை எல்லை கடந்தது. தீர்ப்புகள் அடுத்தடுத்துத் தமக்கு விரோதமாகவே வரக்கண்டு, பாலும் தோழர்களும் மைதானத்திலே படுத்துவிட்டனர். எவரையும் அடிக்கவில்லை, மத்தியஸ்தரை நெருங்கி மிரட்டவுமில்லை. காந்தியடிகள் நாட்டுக்குக் கற்பித்த ஒத்துழையாமை அன்று பந்தாட்டக் களத்தில் நிகழ்ந்தது. அத்துடன் பால் ஆட்டத்தைத் துறந்தார். 1962இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்விருது பெற்ற முதற் கால்பந்து வீரர் அவரே. 1976இல் காலமானார்.

இச்செய்கையைக் காட்டி, தீர்ப்பு தமக்குப் பிடிக்காதபோதெல்லாம் ஆட்டத்தைக் குலைக்கலாமென்று எவரும் வாதிப்பாராயின், அவர் பாலை அறியாதவரேயாவர். இருபதாண்டுப் பணிவே ஒருநாள் மறுப்புக்கு மதிப்பளித்தது. மறுத்தவரும் அதன் விலையைத் தாமே செலுத்தினார். நாள்தோறும் சீறுபவன் சீற்றத்துக்கு மதிப்பேது?

மத்தியஸ்தரின் கையை வலுப்படுத்த உலகம் பல வழிகளைக் கண்டுள்ளது. 1970இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்தன. 2024ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் குழுத்தலைவர் ஒருவரே மத்தியஸ்தரை அணுகிப் பேசலாமென்றும், அவரும் தீர்ப்பின் காரணத்தை அவருக்கு விளக்கவேண்டுமென்றும் ஏற்பாடாயிற்று. இவ்வழக்கம் நம் புறநகர் மைதானங்களுக்கும் ஏற்றதே. இதற்குக் காசு செலவில்லை.

ஆயினும் அட்டை அச்சத்தைத் தரலாம்; நம்பிக்கையைத் தராது. பந்தயம் நடத்தும் சங்கமே தன் ஆளை மத்தியஸ்தராக்கிவிட்டு, வெளியூரார் அடங்கி நடக்கவேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகாது. இரு கட்சியும் ஒப்பும் நடுநிலையாளரை நியமிப்பது நடத்துவோர் கடமை. அவர் சொல்லுக்கு, தவறென்று தோன்றினும் அந்த ஆட்டம் முடியுமட்டும் கட்டுப்படுவது ஆடுவோர் கடமை. முன்னது இல்லாதபோது என்ன நேருமென்பதைக் கல்கத்தா மைதானம் காட்டிற்று. பின்னது இல்லாவிடில் ஆட்டமே இல்லை.