குற்றங்களைக் கணக்கெடுத்த வானியலாளர்: யார் இந்த கெட்லே?

எந்த ஊர்ல குற்றம் அதிகம்? போன வருஷத்தை விட கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? இதற்கு எண்களைக் கொண்டு பதில் தேடிய முன்னோடிகளில் ஒருவர், பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லே.

1796-ல் கெண்ட் நகரில் பிறந்தவர். கணித ஆசிரியர். பிரஸ்ஸல்ஸில் வானாய்வகம் அமையக் காரணமானவர். இன்று டாக்டர்கள் பார்க்கும் பிஎம்ஐ கணக்குக்கு அடிப்படை போட்டவரும் இவர்தான்.

1820-களின் பிற்பகுதியில் பிரான்ஸ் அரசு, நீதிமன்ற வழக்குகளின் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் வெளியிடத் தொடங்கியது. அதைப் புரட்டிய கெட்லேவுக்கு ஆச்சரியம். குற்றம் செய்யும் ஆட்கள் மாறினாலும், எண்ணிக்கை வருஷா வருஷம் கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தது.

வெறும் எண்ணிக்கையோடு நிற்காமல், மக்கள்தொகைக்கு எத்தனை என்று வகுத்து மாவட்டங்களை ஒப்பிட்டார். ஏழைங்க இருக்கிற இடத்துலதான் குற்றம் அதிகம் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. பிரான்ஸின் ஏழ்மையான க்ரூஸ் மாவட்டத்தில் குற்றங்கள் குறைவு!

ஆனா, இதுல ஒரு சிக்கல் இருக்கு. நடக்கும் குற்றம் வேறு, பதிவாகும் குற்றம் வேறு. இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும் என்பதை கெட்லேவே ஒப்புக்கொண்டார். மாறாது என்று நம்பித்தான் கணக்கும் போட்டார். ஆனால், புகாரை உடனே பதியும் ஊரில் எண்ணிக்கை கூடும். பதியாத ஊர் அமைதியாகத் தெரியும்.

1874-ல் பிரஸ்ஸல்ஸில் கெட்லே காலமானார். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்று இன்றும் ஊருக்கு ஊர் ஒப்பிடுகிறோம். அந்தப் பழைய சிக்கலும் கூடவே வருது.