விளிம்பில் விடை கண்ட படோடி

கணித மேதை என்றாலே ஆண்டு மலரில் ராமானுஜம்தான் வருவார். அவர் 32 வயதில் மறைந்தார். 31 வயதிலேயே போய்விட்ட இன்னொரு இந்தியர் உண்டு. பெயர் விஜய் குமார் படோடி.

1945 மார்ச் 12-ல் மத்தியப் பிரதேசத்துக் குணாவில் (படம் இல்லீங்க, ஊர்!) பிறந்தார். உஜ்ஜயினியில் பட்டம், காசியில் முதுகலை, பிறகு பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். அங்கே வழிகாட்டியவர்கள் எம்.எஸ்.நரசிம்மன், எஸ்.ரமணன். நரசிம்மன் நம்ம தமிழ்நாட்டுத் தண்டரை கிராமத்துப் பிள்ளை, சென்னை லயோலாவில் படித்தவர்.

படோடியின் முதல் வேலையே மலைக்க வைப்பது. ஒரு தகட்டைச் சுட வைத்தால் முதல் நொடியில் சூடு அந்தந்த இடத்து வளைவை மட்டும்தான் அறியும். நேரம் போகப் போக முழு உருவத்தையும் அறியும். இரண்டையும் இணைக்கும் கணக்கில் சிக்கலான உறுப்புகள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, எளிய விடை மிஞ்சும் என்று மெக்கீனும் சிங்கரும் 1967-ல் ஊகித்தார்கள். ஊகம்தான், நிரூபணம் இல்லை. படோடி உட்கார்ந்து போட்டே காட்டினார். 1971-ல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 26. கம்ப்யூட்டர் எதுவும் இல்லை, பேப்பரும் பேனாவும்தான்!

அடுத்தது இன்னும் பெரிசு. ஒரு ஒய்-பைப்பைக் கையில் எடுங்க. இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் இரண்டு. வாய் வட்டம், ஒரு பரிமாணம். பைப்பின் தோல் இரண்டு பரிமாணம். இப்படி ஒரு பரிமாணம் கூடிய ஒன்று நடுவில் நின்று இரண்டு உருவங்களை இணைத்தால் அதன் பெயர் கோபார்டிசம். நாலு பரிமாண உருவங்களை ஐந்து பரிமாணப் 'பைப்' இணைக்குமா? 1950-களில் ரோக்லினும் தோமும் விடை சொன்னார்கள். திசை குறித்த, மூடிய ஒவ்வொரு உருவத்துக்கும் சிக்னேச்சர் என்று ஒரு முழு எண் உண்டு. இரண்டுக்கும் எண் ஒன்றானால் இணைக்கலாம், வேறானால் முடியாது.

மூடிய உருவத்தில் வளைவையெல்லாம் முறைப்படி கூட்டினால் அந்த எண் கிடைத்துவிடும். விளிம்பு இருந்தால்? பின்னம்கூட வரும், கணக்கில் துண்டு விழும். 1971 முதல் 1973 வரை படோடி பிரின்ஸ்டனில் இருந்தார். அத்தியா, சிங்கர் என்ற இரு ஜாம்பவான்களோடு சேர்ந்து அந்தத் துண்டைக் கண்டுபிடித்தார். விளிம்போரம் பைப் மாதிரி நேராக இருந்தால், விழும் துண்டை விளிம்பே சொல்லிவிடும். விளிம்பின் 'அதிர்வெண்'களில் கூட்டல் பக்கமும் உண்டு, கழித்தல் பக்கமும் உண்டு. இரண்டுமே முடிவில்லாதவை. எந்தப் பக்கம் எவ்வளவு மிச்சம் என்று அளக்கும் எண்ணுக்கு ஈட்டா என்று பெயர்.

இதையெல்லாம் நோயோடு செய்தார் என்பதுதான் மனசைப் பிசைகிறது. சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. 30 வயதிலேயே டாடா நிலையத்தில் பேராசிரியர். மாற்றுச் சிறுநீரக அறுவைக்கு முன்பே, 1976 டிசம்பர் 21-ல் காலமானார். அந்த ஆண்டுதான் மூவர் எழுதிய தொடரின் மூன்றாம் பகுதி அச்சேறியது.

எங்க வீட்டுல டிப்ளமோ வரைக்கும் வந்தது நான்தான் முதல். பிள்ளைப்பாக்கம் சிப்காட்ல வேலைக்கு இவ்வளவு கணக்கு எதுக்குடா என்று வீட்டில் கேட்டால், எனக்கும் பதில் சொல்லத் தெரிவதில்லை. ஆனால் உள்ளே மின்சாரம் பாயாமல் விளிம்பில் மட்டும் பாயும் பொருள்களை ஆராயும் இயற்பியலாளர்கள் இன்று அத்தியா–படோடி–சிங்கர் தேற்றத்தைத்தான் எடுக்கிறார்கள். 1996-ல் அவர் கட்டுரைகள் ஒரே தொகுதியாக வந்தன. பதிப்பித்தவர்கள் அத்தியாவும், அந்தத் தண்டரை நரசிம்மனும்.

– இரண்டாமாண்டு, இயந்திரவியல்