சிக்மண்ட் பிராய்ட்: நோயும் வாக்கும்

மருத்துவத்துக்கு அங்கம் நான்கு என வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பனவே அந்நான்கு. இவை செவ்வனே அமைந்தவிடத்து நோய் தீரும் என்பது நம் முன்னோர் துணிபு. ஆயின், நான்கும் குறைவற அமைந்திருந்தும் தீராத நோயொன்று வந்துற்றால் அவை செய்யத்தக்கது யாது? சாவை அணுகிய நோயாளி தன் துன்பத்தை முடித்துவைக்குமாறு வேண்டினால் வைத்தியன் அதற்கு இசையலாமா? பல நாடுகளின் சட்டசபைகளையும் நீதிமன்றங்களையும் இவ்வினா இன்று கலக்கி வருகின்றது. உளப்பகுப்பாய்வின் தந்தையாகிய சிக்மண்ட் பிராய்டின் வாழ்வில், சிறப்பாக அவருடைய கடைசிப் பதினாறு ஆண்டுகளில், இவ்வினா வெறும் தருக்கமாக அன்றி அன்றாட அநுபவமாகவே இருந்தது. ஆதலின் அவ்வாழ்க்கையை இந்நோக்கிற் கற்பது பயனுடைத்து.

பிராய்ட் 1856 மே 6 இல், அந்நாளில் ஒஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த மொராவியாவிலே, பிரைபேர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் யாக்கோப், கம்பளி வியாபாரி, யூதர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தாருடன் வியன்னா சென்ற பிராய்ட், முதுமையில் நாடு நீங்கும்வரை அந்நகரையே வாழிடமாகக் கொண்டார். 1873 இல் வியன்னாப் பல்கலைக்கழகம் புகுந்து, 1881 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1885 இல் பாரிஸ் சென்று சார்க்கோ என்னும் நரம்பியற் பேராசிரியரிடம் பயின்றார். 1886 இல் மார்த்தா பேர்ணேய்ஸ் அம்மையாரை மணந்தார். மக்கள் அறுவர், அவருள் இளையவர் 1895 இற் பிறந்த அன்னா. கனவுகளின் பொருளை ஆராயும் அவருடைய பெருநூல் 1899 இன் இறுதியில், 1900 என ஆண்டு பொறிக்கப்பெற்று வெளிவந்தது. மனிதன் தன் மனத்துக்குத் தானே முழுத் தலைவன் அல்லன் என்னும் கருத்தை உலகின் சிந்தனையில் நிலைநாட்டியவர் அவர்.

இளமையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இங்கே குறிக்கத்தக்கது. பிராய்டின் நண்பரும் ஆசிரியருமாகிய பிளைஷ்ல் என்பவர், விரலிழந்த கையிலே தீராத நரம்பு வலியால் வருந்தி, மோர்பீன் மருந்துக்கு அடிமையாகியிருந்தார். அப்பிடியினின்றும் அவரை மீட்கலாமென்று எண்ணி, 1884 இல் கொக்கெயினைப் பரிந்துரைத்தார் பிராய்ட். நண்பரோ இரண்டுக்கும் அடிமையாகி, நெடிது துன்புற்று, 1891 இல் மாண்டார். வலியின் கொடுமையையும் வலி நீக்கும் மருந்தின் கொடுமையையும் ஒருங்கே கண்ட அநுபவம் அது.

பிராய்ட் பெருஞ் சுருட்டுப் பிரியர். நாளொன்றுக்கு இருபது சுருட்டளவு புகைப்பார். 1923 இன் தொடக்கத்தில் வாயின் வலப்பக்கத்து அண்ணத்திலே ஒரு வளர்ச்சி தோன்றிற்று. ஏப்ரிலில் அதைக் காட்டியபோது, வைத்தியர் பீலிக்ஸ் டொய்ச் அது புற்றுநோய் என்பதை உணர்ந்தும் அவ்வாறு சொன்னாரல்லர். காரணம் யாது? துன்புற்றுச் சாக நேருமாயின் கண்ணியத்தோடு உலகை விட்டு நீங்கத் தமக்கு உதவவேண்டுமென்று பிராய்ட் அப்போதே கேட்டிருந்தார். உண்மையை உரைத்தால் அவர் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று டொய்ச் அஞ்சினார். அன்பு காரணமாகவே மறைத்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மறைப்பு விளைத்த தீங்கு பெரிது.

நோயின் தன்மையை மறைத்தமையால் சிகிச்சையும் சிறியதொன்றுபோல ஆயிற்று. வெளிநோயாளர் பகுதியிலே சத்திரசிகிச்சை செய்தார்கள். அன்றே வீடு திரும்பலாமென்பது ஏற்பாடு; வீட்டாருக்கும் முன்னறிவித்தல் இல்லை. குருதி பெருகவே, சிற்றறையொன்றில் வளர்ச்சி குன்றிய குள்ளர் ஒருவருடன் கிடத்தப்பட்டார். மீண்டும் குருதி பீறிட்டபோது பிராய்டினாற் பேச இயலவில்லை. அழைப்பு மணியும் பழுதுற்றிருந்தது. உடனிருந்த அக்குள்ளரே ஓடிச்சென்று ஆளழைத்து வந்தார். உலகறிந்த பேரறிஞரின் உயிரை அன்று காத்தவர் பெயரறியாத அந்நோயாளியே. அன்றிரவு முழுவதும் மகள் அன்னா தந்தையின் அருகை விட்டு அகலவில்லை.

அவ்வாண்டு யூன் மாதத்தில் பேரப்பிள்ளை ஹைனலே, நாலரை வயதுப் பாலகன், காசநோயால் இறந்தான். அவனைப் பெற்ற சொஃபி 1920 இலேயே மறைந்துவிட்டாள். நோய்க்குக் கலங்காத பிராய்ட் இக்குழந்தையின் பிரிவுக்குக் கண்ணீர் விட்டார். ஓகஸ்டிலே அவருடைய சீடர் குழாம் கூடி, ஆசிரியருக்கு உண்மையைச் சொல்வதா விடுவதா என்று தமக்குள் வாதிட்டது. பல்லாண்டு கழித்து இதனை அறிந்த பிராய்ட் சினந்து, எவ்வுரிமை கொண்டு அவ்வாறு செய்தீர்கள் என வினவினார். பிறர் மனத்து மறைபொருளை வெளிக்கொணர்வதையே தொழிலாகக் கொண்டவரிடம் அவர் உடலைப் பற்றிய செய்தியையே மறைத்தார்கள்!

1923 ஒக்டோபரில் பிச்லர் என்னும் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர், மேற்றாடையின் ஒரு பகுதியையும் அண்ணத்தின் வலப்பக்கத்தையும் வெட்டியகற்றினார். வாயையும் மூக்குக் குழியையும் பிரித்துவைக்கச் செயற்கை அண்ணமொன்று பொருத்தப்பட்டது. அதனைக் கழற்றுவதும் மாட்டுவதும் நாடோறும் ஒரு போராட்டம். அவ்வேலையை அன்னாவே செய்தார். பேச்சுக் குழறிற்று, வலச்செவி கேளாதாயிற்று. அதன்பின் சிறிதும் பெரிதுமாக முப்பதுக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் நடந்தன. எனினும் நோயாளரைப் பார்ப்பதையும் எழுதுவதையும் அவர் நிறுத்தவில்லை. அன்னை அமாலியா உயிரோடிருக்கத் தாம் இறத்தல் தகாது என்று கருதி வந்தார். அவ்வம்மையார் தொண்ணூற்றைந்து வயதுவரை வாழ்ந்து 1930 இற் காலமானார்.

1929 இல் மாக்ஸ் சூர் என்னும் இளம் வைத்தியர், மரீ பொனபார்ட் இளவரசியின் பரிந்துரையால் பிராய்டின் குடும்ப வைத்தியரானார். முதற் சந்திப்பிலேயே பிராய்ட் அவரிடம் இரண்டு வாக்குறுதிகளை வேண்டினார். எப்போதும் உண்மையே உரைக்க வேண்டும் என்பது ஒன்று. காலம் வரும்போது வீணே துன்புற விடலாகாது என்பது மற்றொன்று. இருவரும் கைகோத்து இதனை உறுதிப்படுத்திக்கொண்டனர். இவ்விரண்டினுள் உண்மை முன்னும் உதவி பின்னுமாக நின்றமை கருதத்தக்கது. டொய்ச் இரண்டாவதற்கு அஞ்சி முதலாவதைக் கைவிட்டார். சூர் முதலாவதை ஏற்றே இரண்டாவதற்கும் பொறுப்பானார்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவிற் புகுந்தது. வியன்னா யூதர் பலர் அந்நாட்களில் தம்முயிரைத் தாமே போக்கினர். அன்னாவைக் கெஸ்டாப்போப் பொலிசார் ஒருநாள் அழைத்துச் சென்று மாலையில் விடுத்தனர். நாமெல்லோரும் இறந்துவிடுதல் நன்றல்லவா என்று மகள் கேட்டபோது, பிராய்ட் இணங்கவில்லை. நாம் சாகவேண்டுமென்று அவர்கள் விரும்புகிறார்கள் என்பதற்காகவா என்று திருப்பிக் கேட்டார். இங்கே நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். சாவுக்கு உதவி கேட்டு வைத்திருந்த அதே மனிதர், பகைவர் நெருக்குதலால் வரும் சாவை முற்றாக மறுத்தார். தீராநோயின் இறுதியில் தாமே வேண்டும் முடிவு வேறு. பிறர் தம்மை வேண்டாதவர் என்று கருதியதால் விளையும் முடிவு வேறு என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

1938 யூன் 4 இல் வியன்னாவை நீங்கிப் பாரிஸ் வழியாக இலண்டன் சேர்ந்தார். பின்தங்கிய சகோதரியர் நால்வரும் பிற்பாடு நாசிகளின் முகாம்களில் மடிந்தனர். செப்டெம்பரில் பிச்லர் இலண்டன் வந்து மீண்டும் பெருஞ் சத்திரசிகிச்சை செய்தார். 1939 தொடக்கத்தில் நோய் மறுபடியும் தலைகாட்டிற்று. இனி வெட்டியகற்ற இயலாதெனக் கண்டனர். ரேடியக் கதிர்ச் சிகிச்சையும் வலியையே கூட்டிற்று. இந்நிலையிலும் பிராய்ட் வலுவான மருந்துகளை ஏலாது, அஸ்பிரினோடு அமைந்தார். தெளிவின்றிக் கிடப்பதினும் வேதனையோடு சிந்திப்பதே மேல் என்பது அவர் கொள்கை. மோசேயைப் பற்றிய அவருடைய நூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. ஓகஸ்ட் வரையும் நோயாளரைப் பார்த்து வந்தார்.

செப்டெம்பரில் உலகப்போர் மூண்டது. பிராய்டின் கட்டில் தோட்டத்தை நோக்கிய வாசிப்பறையில் இடப்பட்டது. கன்னத்திலே புண் துளைபட்டு நாறிற்று. இலையான் மொய்க்காதபடி கட்டிலுக்கு நுளம்பு வலை கட்டினர். அவர் பேரன்போடு வளர்த்த நாய், அந்நாற்றம் பொறாது அறையின் கோடியில் ஒதுங்கிற்று. அவர் கடைசியாகப் படித்தது, ஆயுளோடு சுருங்கிக்கொண்டே போகும் தோலொன்றைப் பற்றிய பல்சாக்கின் நாவல்.

செப்டெம்பர் 21 இல் சூரின் கையைப் பற்றி, முதற் சந்திப்பில் தந்த வாக்கை நினைவூட்டினார். இனி இது வதையேயன்றிப் பொருளுடையதன்று என்றார். மறக்கவில்லை என்றார் சூர். நன்றி கூறிய பிராய்ட், இதனை அன்னாவிடமும் சொல்லுமாறு பணித்தார். நாள் கடத்தவே விரும்பிய அன்னா, சூர் எடுத்துரைத்தபின் மனமின்றியே இசைந்தார். மோர்பீன் ஏற்றப்பட்டது. பிராய்ட் அமைதியான உறக்கத்தில் ஆழ்ந்து, மருந்து மீளவும் தரப்பட்டபின், செப்டெம்பர் 23 விடியற்காலை மூன்று மணியளவில் உயிர் நீத்தார்.

சூர் எழுதிய நூல் அவர் மறைவுக்குப்பின் 1972 இல் வெளிவந்தது. அதிற் கூறிய அளவினும் கூடுதலான மருந்து தரப்பட்டது என்பதை, சூரின் வெளியிடாத குறிப்புகளைக் கொண்டு 1988 இல் பீற்றர் கே என்னும் சரித்திர ஆசிரியர் காட்டினார். கடைசி ஊசியை ஏற்றியவர் வேறொரு வைத்தியராக இருக்கலாம் என்று கருதுவோரும் உளர். நோயாளிக்கு ஒளியாது உண்மை உரைத்த வைத்தியர், சட்டத்துக்கு அஞ்சி உலகிற்கு அதனைக் குறைத்தே உரைக்க நேர்ந்தது.

அக்காலத்து வேறிரு நிகழ்ச்சிகளை இதனோடு ஒப்பிடுதல் தகும். 1936 சனவரியில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் மரணத் தறுவாயில் இருந்தபோது, டோசன் பிரபு என்னும் வைத்தியர் மன்னரைக் கேளாமலே மோர்பீனும் கொக்கெயினும் ஏற்றி முடிவை விரைவுபடுத்தினார். காலைப் பத்திரிகையில் செய்தி வெளிவரவேண்டும் என்பதும் அவர் கருதிய காரணங்களுள் ஒன்று. இது 1986 இலேயே வெளிப்பட்டது. அதே 1936 டிசெம்பரில், நோயாளி தாமே வேண்டினால் அவருடைய முடிவுக்கு வைத்தியர் உதவலாம் என்னும் மசோதா பிரபுக்கள் சபையில் 35 க்கு 14 என்ற வாக்குகளால் தோற்றபோது, டோசன் அதனை எதிர்த்தோருள் ஒருவர். மற்றது இதனினும் கொடிது. பிராய்ட் இறந்த அம்மாதத்தின் முதல் நாளைத் திகதியாக இட்ட கடிதமொன்றில், தீராநோயாளரைக் கருணையின் பெயராற் கொல்ல ஹிட்லர் அதிகாரம் அளித்தார். 1941 ஓகஸ்டுக்குள் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மனநோயாளரும் ஊனமுற்றோரும் நச்சுவாயுவால் மாய்க்கப்பட்டனர். அவர்களுள் எவரையும் எவரும் கேட்கவில்லை. இவற்றையும் பிராய்டின் முடிவையும் ஒரே சொல்லாற் குறித்தல் தகாது.

எதிர்ப்போர் கூற்றையும் தள்ளிவிடல் இயலாது. சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் 1967 இல் இலண்டனில் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லம், வலி திரும்புமுன்னரே அளவறிந்து மோர்பீன் கொடுத்தால் அறிவு மயங்காமலே துன்பம் தணியும் என்று காட்டிற்று. அத்தகைய பராமரிப்புக் கிட்டியிருப்பின் பிராய்ட் வதைக்கும் மயக்கத்துக்கும் இடையே ஒன்றைத் தெரியவேண்டி இராது எனலாம். மேலும், வாக்குறுதி கேட்கும் துணிவும் அதனைக் காக்கும் வைத்தியரும் எல்லா நோயாளருக்கும் வாய்ப்பதில்லை. வறியவரும் முதியவரும் பிறருக்குச் சுமையாகிவிட்டோமோ என்று கூசிச் சாவைக் கேட்கக்கூடும் என்னும் அச்சமும் நியாயமானதே.

பிராய்டின் நாடாகிய ஒஸ்திரியாவில் 2022 சனவரி முதலாக, இரு வைத்தியர் விளக்கம் அளித்து, குறித்த காலம் காத்திருந்தபின், நோயாளி தம் கையாலேயே மருந்தை உட்கொள்ளச் சட்டம் இடந்தந்தது. வைத்தியர் ஊசி ஏற்றுதல் அங்கே அப்போதும் குற்றமாகவே இருந்தது. இங்கிலாந்தின் பொதுச்சபை 2025 யூன் 20 இல், 314 க்கு 291 என்ற வாக்குகளால் அத்தகைய மசோதா ஒன்றை ஏற்றது. வாக்குகளின் நெருக்கமே வினாவின் அருமையைக் காட்டும்.

சட்டம் எவ்வாறு அமையினும், பிராய்டின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. 1923 இல் அவரைச் சூழ்ந்தோர் அன்புடையராயினும் உண்மையுடையரல்லர். 1939 இல் நோயாளி நிலையறிந்து கேட்டார். வைத்தியர் பத்தாண்டு பொய்யாது பழகியபின் இசைந்தார். பேணிய மகளையும் கலந்தே செய்தனர். நோயாளியிடம் நோயை மறைப்பதை அன்பென்று கருதும் வழக்கம் எங்குளதோ, அங்கே இறக்க உதவும் உரிமையைப் பற்றி வாதிடுமுன், தம் நோயை அறியும் உரிமையை நோயாளிக்கு அளித்தல் வேண்டும். அவ்வுரிமை இல்லாதவிடத்து அவர் தரும் சம்மதம் சம்மதமாகாது.